மாநகராட்சிக்கு நான் வெட்டிக் கொடுத்த மூன்று புள்ளி

துறைமுகச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் நான்கு அண்டா. அப்படித்தான் என் பாத்திர வாடகைக் கடை ஆரம்பித்தது. இன்று ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேருக்கு ஆக்கிப்போடும் அளவுக்கு என்னிடம் சாமான் இருக்கிறது. வெள்ளம் வந்த வருஷம் மிதந்து போன பாத்திரங்களை உப்பளத்துப் பாத்திகளுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து வந்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் மூன்று பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். ஆழ்வார்திருநகரியிலிருந்து கீழவைப்பார் வரை விசேஷ வீடுகளில் என் அண்டா ஏறாத கோட்டை அடுப்பு குறைவு. இத்தனையும் கட்டியவன் மாநகராட்சிக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தேன். வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

எங்கள் வார்டு அலுவலகத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையைச் சுத்தம் செய்து, ‘பகிர்வு நிலையம்’ என்று போர்டு வைத்தார்கள். எவர்சில்வர் தட்டு, டம்ளர், அண்டா, ஜமுக்காளம், ஏணி எல்லாம் வாங்கி அடுக்கினார்கள். வார்டு மக்கள் இரவலாக எடுத்துப் போய், வேலை முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விசேஷத்துக்கு மறுநாளும் பேப்பர் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் ஓடையை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சலித்துப் போய்ச் செய்த காரியம் அது. நல்ல யோசனைதான். ஆனால் அன்றைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார்கள் என்று மற்றக் கடைக்காரர்களோடு சேர்ந்து நானும் கத்தினேன். இருக்கிற குரலில் என் குரல்தான் பெரிது.

அந்த அறைக்குப் பொறுப்பாக மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். அதற்கு முன்னால் மீன் கம்பெனியில் ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரித்தவள். விரல் மரத்துப்போய், இனி அந்த வேலை கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு கிடைத்த வேலை இது. ஒருநாள் காலையில் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, ஒரு மாசத்துல ஆள் வரலைன்னா நிலையத்தப் பூட்டிருவோம்னு ஆபீஸ்ல சொல்லுதாவ. யாரும் எட்டிப் பாக்க மாட்டேங்காவ. பூட்டுனா நான் திரும்ப ஐஸுக்குள்ளதான் கையை விடணும்.”

“ஏன் வரமாட்டேங்காவ?”

நடந்ததைச் சொன்னாள். ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம். நிலையத்திலிருந்து தட்டும் அண்டாவும் எடுத்துப் போனார்கள். அடுப்பில் ஏற்றும் நேரத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், “முந்தாநாள் எங்க வீட்டுத் துட்டிக்கு வந்த அண்டால்லா இது!” என்று சொல்லிவிட்டார். இழவு வீட்டில் சோறு வடித்த அண்டாவில் நிச்சயதார்த்தச் சோறா? சாமான் மொத்தமும் அப்படியே ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டது. அந்த வீட்டில் பேப்பர் தட்டு வாங்கினார்கள். அதற்குப் பிறகு நல்ல காரியத்துக்கென்று ஒரு கரண்டிகூட அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை.

நான் சிரித்துவிட்டேன்.

“என்ன அண்ணாச்சி சிரிக்கிய? என் பொழப்பு ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?”

“உன்ன நினைச்சிச் சிரிக்கலை, தாயி. படிச்சவங்களை நினைச்சிச் சிரிக்கேன்.”

எங்கள் தொழிலில் இது முதல் பாடம். துட்டி வீட்டுக்குப் போகும் சாமான் தனி, விசேஷ வீட்டுக்குப் போகும் சாமான் தனி. என் கடைக்கு அதற்காகவே இரண்டு கதவு வைத்திருக்கிறேன். ஆபீஸில் யாருக்கும் இது தோன்றவில்லை. தட்டுக்கு எண் போட்டிருந்தார்கள், பதிவேடு வைத்திருந்தார்கள், சுவரில் பச்சை இலை வரைந்திருந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தார்கள்.

ஐஸில் மரத்துப்போன அவள் விரலை நினைத்ததும், நிலையத்துக்கு எதிராகக் கத்தியதெல்லாம் மறந்துபோயிற்று. அன்றைக்கே பேர் வெட்டும் உளியோடும் சுத்தியலோடும் போய் உட்கார்ந்தேன். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படை. அதனால் பாதிச் சாமானில் மூன்று புள்ளி. துட்டிக்குப் போகும் மீதியில் இரண்டு புள்ளி. அலமாரியும் இரண்டு. மூன்று நாள் வெட்டினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “புள்ளி கோணலாப் போகுது, கண்ணாடியப் போடுங்க” என்று என்னை விரட்டினாள். என் கையைக் குறை சொன்ன முதல் ஆள் அவள்தான். அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

அதிகாரி வந்து பார்த்தார். சின்ன வயது, நல்ல மனிதர். “அரசாங்கமே இப்படிப் பிரிச்சு வைக்கலாமா, ஐயா? மூடநம்பிக்கையை வளர்க்கிற மாதிரி ஆகாதா?” என்றார்.

“சார், மனசு கூசுனா தட்டை எடுக்க மாட்டான். எடுக்கலைன்னா பேப்பர் தட்டு ஓடைக்கு வரும். ஓடைக்கு மூடநம்பிக்கையும் தெரியாது, பகுத்தறிவும் தெரியாது. அடைச்சிக்கும், அவ்வளவுதான்” என்றேன்.

ஒரு தட்டை எடுத்துப் புள்ளியைத் தடவிப் பார்த்தார். பிறகு, “வேற என்ன செய்யணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கழுவும் இடத்துக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் கேட்டேன். இங்கே போர் தண்ணீரில் கழுவினால் எவர்சில்வரில் உப்பு வெள்ளையாகப் படியும். நூறு இலைச் சாப்பாட்டுக்குள் என்றால் நிலையம், அதற்கு மேல் என்றால் வாடகைக் கடை என்று பிரிக்கச் சொன்னேன். இரண்டையும் செய்து கொடுத்தார். இரண்டையும் செய்து கொடுத்தார்.

ஆனாலும் ஆள் வரவில்லை. புள்ளி வெட்டினால் போதுமா, நம்ப வேண்டாமா? மாசம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் என் பேத்திக்கு வளைகாப்பு. என் கொட்டகை நிறையச் சாமான் கிடக்க, நிலையத்து மூன்று புள்ளிச் சாமானைத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

“ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடுத மனுசன், பேத்தி வளைகாப்புக்கு இரவல் வாங்குதாரு! வெளிய சொன்னா வெக்கக்கேடு!” என்று என் மனைவி கூப்பாடு போட்டாள்.

“வெளிய சொல்லணும்னுதாம்ளா வாங்குதேன்.”

வந்தவர்கள் எல்லாரும் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சோறு வாங்கினார்கள். என் மனைவியே பந்தி பந்தியாகப் போய், “மூணு புள்ளி இருக்கா? இருந்தா நல்லாச் சாப்பிடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாளே ஒரு காதுகுத்துக்குச் சாமான் கேட்டு வந்தார்கள். அடுத்து ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு. மாசக் கடைசியில் நிலையத்தைப் பூட்டவில்லை. அவளுக்கு வேலை தொடரும் என்று தாள் வந்தது. அவள் அதை என் கடைக்கு எடுத்து வந்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். மூன்றாவது தடவை நானே வாங்கி வாசித்தேன்.

இப்போது மற்ற வார்டுகளிலும் இதே மாதிரி திறக்கிறார்கள். ‘இரட்டை அலமாரி முறை’ என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள். போன வாரம் திறப்பு விழாவில் புதுப் போர்டைப் பார்த்தேன். திட்டத்தை வடிவமைத்தது மாநகராட்சிக் குழு என்று எழுதியிருக்கிறது. குழு இடம் கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது, ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தது. இந்த மூன்றும் இல்லாமல் எந்த ஊரிலும் இது நிற்காது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று புள்ளியை எந்தக் குழுவும் வெட்டவில்லை. அந்தப் போர்டை இறக்கி, என் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டு, மறுபடியும் மாட்ட வேண்டும். கீழே ஒரு வரியில், கோணல் புள்ளிகளைத் திருத்தியது மாப்பிள்ளையூரணிக்காரி என்று அவள் பெயரையும் போடுங்கள். எழுத்து மட்டும் என்னுடையது பெரிதாக இருக்கட்டும்.