மில்லிமீட்டரும் சுவரோரத்து வண்டியும்

மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பந்தயக் கார் ஓட்டி, அந்தக் காரின் சொந்தக்காரரையே கதறவிட்டவள் நான். சரி, முந்நூறு கொஞ்சம் அதிகம்தான். எண்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிய இடமும் எங்கள் வீட்டு ஹால். ஆனால் அவர் கதறியது சத்தியம். அந்தக் கதறலில்தான் என் மருமகளின் ஒரு வருட உழைப்பு பிழைத்தது.

மருமகளுக்கு எங்கள் வீட்டில் மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தவன் அவள் புருஷன், அதாவது என் மகன். கல்யாணமான புதிதில் அவன் சுவரில் ஒரு படம் மாட்டினான். இவள் வாசலில் நின்றபடியே, "நாலு மில்லிமீட்டர் சாஞ்சிருக்கு" என்றாள். ரோஷத்தோடு ஸ்கேலை எடுத்து அளந்தான். நாலுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவன் ஆணி அடித்ததில்லை.

கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்குப் பழைய காலத்துப் பந்தயக் கார்களைச் செய்து தருவது அவள் வேலை. எல்லாம் திரைக்குள்ளேதான். ஆனால் நிஜமாகவே தகடு அடித்துச் செய்தவன்கூட இவ்வளவு பாடு பட்டிருக்கமாட்டான். ஸ்டியரிங் தோலில் எத்தனை தையல், கதவோரத்து ஸ்க்ரூவின் கோடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, இதையெல்லாம் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு நடக்கும். நாங்கள் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

"அந்த ஸ்க்ரூவ யாருடி பாக்கப் போறா? இருநூறுல பறக்கிறவன் குனிஞ்சு பாப்பானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் பாப்பேன் அத்தை."



சோதித்துப் பார்ப்பதற்கென்று ஹாலில் ஒரு பந்தய இருக்கை, ஸ்டியரிங், மூன்று பெடல், சுவரை அடைத்தாற்போல் ஒரு திரை எல்லாம் வந்து குடியேறின. சோபாவைப் பால்கனிக்கு நாடு கடத்திவிட்டார்கள். எனக்குச் செய்தி பார்க்க வேண்டுமானால் வெயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும்.

அந்த வருடம் அவள் கைக்கு வந்தது கூரையில்லாத ஓர் அலுமினிய வண்டி. அந்தக் காலத்து விதிப்படி இரண்டு இருக்கை இருந்தால்தான் பந்தயத்தில் சேர்ப்பார்களாம். அதனால் இரண்டாவதாக ஓர் இருக்கையும் உண்டு. அதில் உட்காருகிறவர் எலும்பில்லாமல் பிறந்திருக்க வேண்டும். உலகத்தில் அந்த மாதிரி வண்டி மிஞ்சியிருந்தது அது ஒன்றே ஒன்று. அதை ஓட்டிய பந்தயக்காரர் எண்பது வயது தாண்டி, தன் கொட்டகையிலேயே அதை வைத்துப் பூட்டியிருந்தார். அளந்துகொள்ளச் சம்மதித்தார், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, வண்டியை இருந்த இடத்தைவிட்டு அசைக்கக்கூடாது. டயர் பழசு, உதிர்ந்துவிடும். இரண்டு, செய்து முடித்த வண்டியை அவர் ஓட்டிப் பார்த்து "சரி" என்று சொன்னால்தான் விளையாட்டில் சேர்க்கலாம்.

கொட்டகை மகா குறுகல். வண்டியின் வலது பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. லேசர் கருவியோடு போன மில்லிமீட்டர் இடது பாதியை ஒரு தூசி விடாமல் அளந்துகொண்டு வந்தாள். வலது பாதிக்கு என்ன செய்தாள்? இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான். ஒரு பாதியைச் செய்து, கண்ணாடியில் காட்டியதுபோல் திருப்பி மறுபாதியாக ஒட்டிவிடுவார்களாம். கார் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே இருக்கும்?

வண்டி முடிந்தது. பந்தயக்காரர் வந்தார், உட்கார்ந்தார், இரண்டு சுற்று ஓட்டினார், இறங்கினார். "நல்லா இருக்கும்மா. ஆனா இது என் வண்டி இல்ல."

"எது இல்ல சார்? பிரேக்கா, சத்தமா, ஸ்டியரிங்கா?"

"எல்லாம் இருக்கு. வண்டிதான் இல்ல."

இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? சஸ்பென்ஷனை இறுக்கினாள். அடுத்த முறை வந்தார்: "இது என் வண்டி இல்ல." தளர்த்தினாள், டயரை மாற்றினாள், எஞ்சின் சத்தத்தை எங்கிருந்தோ புதிதாகப் பிடித்துவந்தாள். மூன்றாம் முறையும் வந்தார், மிக்சரைக் காலி செய்தார், அதே வசனம். எனக்கே அந்தக் கிண்ணத்தை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

அன்று காலையில்தான் ஆபீசிலிருந்து மேனேஜர் பேசியிருந்தார். "கிழவர் தலையாட்டலன்னா விட்டுடும்மா. வெள்ளிக்கிழமை பட்டியல் முடிக்கிறோம். வேற காரப் போட்டுக்கலாம்." ஒரு வருடத்தை அப்படியே துடைத்துப் போட்டுவிடுவதாம்! போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் படம் சாய்ந்திருந்தது. அதைக்கூட நேராக்கவில்லை.

"டீ போடுறேன்" என்று அவள் அடுக்களைக்குள் போனாள். உள்ளே பாத்திரங்கள் படாத பாடு பட்டன. ஹாலில் நானும் அவரும்தான். அவர் மேல் இருந்த கடுப்பில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் அந்த இருக்கையில் இறங்கினேன்.

"ஏம்மா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"உங்க வண்டிதான் இல்லயே. யாரு ஓட்டினா உங்களுக்கு என்ன?"

மிதித்தேன். திரையில் ரோடு என்னை நோக்கி ஓடிவந்தது. இரண்டு வேலியை ஒடித்தேன். மூன்றாவதாக ஒரு வலது வளைவு வந்தது. ஸ்டியரிங்கைச் சுற்றினேன். அவ்வளவுதான், மனிதர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"ஐயோ, அவ்வளவு திருப்பாதீங்க! வலது பக்கம் அது தானா விழும்! இடது பக்கமா இழுத்துப் பிடிங்க! நேர் ரோட்டுலயே பிடிச்சுக்கிட்டேதான் போகணும், கொன்னுடாதீங்க என் வண்டிய!"

அடுக்களையில் சத்தம் நின்றது. கரண்டியோடு மில்லிமீட்டர் வாசலில் நின்றாள்.

"என்ன சொன்னீங்க சார்? வலது பக்கம் இழுக்குமா?"

"பின்ன? இழுக்காம?"

"ஏன் இழுக்கும்?"

"மழையில ஒரு பந்தயம். கல்சுவத்துல வலது முன்பக்கம் மோதிட்டேன். மறுநாளே அடுத்த பந்தயம் இருந்துச்சு, தட்டி நிமித்தி ஓட்டினோம். அன்னிக்கு ஜெயிச்சேன். அப்புறம் எதுக்கு அதத் தொடணும்?"

"இத முதல்லயே சொல்லக் கூடாதா? வண்டியில என்ன குறைன்னு எத்தன தடவ கேட்டேன்!"

"வண்டியில ஒரு குறையும் இல்லம்மா. உன்னோடதுலதான் குறை."

அவள் கையில் இருந்தது கரண்டி. நல்லவேளை, வேறெதுவும் இல்லை.

டீ அடுப்பிலேயே பொங்கி வழிந்தது. மகனையும் கூப்பிட்டுக்கொண்டு எல்லோருமாகக் கொட்டகைக்குப் போனோம். அசைக்கவே கூடாது என்றிருந்த மனிதர் தானே முன்நின்று, சக்கரத்துக்கு அடியில் உருளைப் பலகை கொடுத்து, "மெதுவா, மெதுவா" என்று எங்கள் உயிரை வாங்கினார். மகனும் நானும் தள்ளினோம். வலது பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. மட்கார்டு முழுக்கச் சுத்தியல் தடம், வேறு நிறப் பெயின்ட். முன்சக்கரம் இடது பக்கத்தைவிட இரண்டு விரற்கடை பின்தள்ளி நின்றது. மில்லிமீட்டர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருப்பி ஒட்டிட்டேனே, திருப்பி ஒட்டிட்டேனே" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். பிறகு கருவியை எடுத்தாள்.

வியாழக்கிழமை அவர் மறுபடி வந்தார். மிக்சரைத் தொடவில்லை. நேர் ரோட்டில் போகும்போதே அவர் இடது கை ஸ்டியரிங்கைக் கீழே அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். வலது வளைவில் அவர் திருப்பவே இல்லை. பிடியைக் கொஞ்சம் விட்டார், வண்டி தானே விழுந்தது. இறங்கித் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"கை வலிக்குதும்மா" என்றார். "இதுதான்."

மில்லிமீட்டர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

விளையாட்டு வெளிவந்தது. முதல் வாரமே ஊரிலுள்ள விளையாட்டுக்காரர்கள் எல்லாம் எழுதிக் குவித்தார்கள்: வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, செய்தவருக்கு அளக்கத் தெரியவில்லை, உடனே சரிசெய்யவும். அதைப் படித்துவிட்டு அவள் பல்லைக் கடித்த சத்தம் பால்கனி வரை கேட்டது. சோபா இன்னும் அங்கேதான் இருக்கிறது, நானும்தான்.

நான் எழுதிய இதை இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

"எண்பது இல்ல அத்தை. நாப்பத்திரண்டு. ரெக்கார்டு இருக்கு. அதுவும் ஃபர்ஸ்ட் கியர்ல."

"சரிடி."

"அப்புறம் இதென்ன, ரெண்டு விரற்கடை? யாரோட விரலு? முப்பத்தொரு மில்லிமீட்டர்."