மெத்தை கட்டிய அறை

எங்கள் வீட்டில் அத்தை ஒரு பேச்சை ஆரம்பித்தால், அதை முடிப்பது எப்போதும் வேறு யாராவதுதான். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, எல்லாம் பிரியம்தான். அவள் "ச... ச..." என்று தொடங்கினால் அம்மா, "சட்டியா, அடுப்புப் பக்கத்துல கீது பாரு" என்பாள். "ப" என்றால் அப்பா சைக்கிள் பம்பை எடுத்து நீட்டுவார். சில நேரம் அவள் கேட்க வந்தது வேறு எதுவாகவோ இருக்கும். ஆனாலும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பேசும்போது திக்கும், பாடும்போது திக்காது. தம்பியைத் தூளியில் போட்டு ஆட்டினாளென்றால், அன்று நடந்ததெல்லாம் தாலாட்டில் வந்துவிடும். கத்தரிக்காய் விலை வரும், கல்பாக்கம் பஸ் நிற்காமல் போனது வரும், ஆடு அம்மாவின் புடவை முந்தானையைத் தின்றது வரும். அம்மாவின் மேல் ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் அதுவும் ராகத்தோடு வரும். பகலெல்லாம் அவளைப் பேசவிடாமல் செய்த நாங்கள் அப்போது வாயை மூடிக்கொண்டு கேட்போம்.

மாமல்லபுரத்தில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சித்தப்பா கல்பாக்கத்தில் எலக்ட்ரீசியனுக்கு உதவியாளர். அப்போதுதான் அங்கே அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம், கிராமத்துப் பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்பினால் ஒலிபரப்புவதாக ரேடியோவில் சொன்னார்கள். பாடுகிறவர் முதலில் தன் வாயால் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டுமாம். சித்தப்பா பாட்டு என்பதை மட்டும் காதில் வாங்கினார். அத்தை முழுவதையும் கேட்டிருப்பாள்.

கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாயிடம் அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் இருந்தது. சித்தப்பா தன் வீட்டு ரேடியோவைச் சரிசெய்து கொடுத்ததற்காகப் பாய் அதை ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார், கூடவே ஒரு காலிக் கேசட்டும். முதலில் கூடத்தில் வைத்துப் பதிந்தோம். போட்டுக் கேட்டால் அத்தை ஏதோ கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல இருந்தது. காகம் கத்தியது. பின்தெருச் சிற்பக்கூடத்தின் உளிச்சத்தம் தாளம் தப்பாமல் கூடவே வந்தது.

மறுநாள் வேலையிலிருந்து வந்த சித்தப்பா வீட்டின் ஒவ்வொரு அறையிலும் போய் நின்று கையைத் தட்டினார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு இப்படி கைத்தட்டிகினு திரியறே?"

"செவுரு சத்தத்த திருப்பி அடிக்குது அண்ணி. முழுங்குற செவுரு வோணும்."

சத்தத்தை விழுங்கும் சுவர் கடைசியில் சாமான் அறையில் அமைந்தது. ஏற்கெனவே அங்கே நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மீதிச் சுவர்களில் ஆணி அடித்து வீட்டிலிருந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளையும் கட்டினார். மெத்தை எட்டாத இடத்தில் சாக்கும் கம்பளியும் தொங்கின. தரையில் பாய், கதவிடுக்கில் பழந்துணி. அப்பா கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு சைக்கிள் ஹேண்டில்பாரைக் கயிற்றில் கட்டி இறக்கி அதில் ரிக்கார்டரோடு வந்த மைக்கைப் பொருத்தினார். 'ப' வரும்போது காற்று புஸ்ஸென்று மைக்கில் அடிக்கிறது என்று தன் காலுறை ஒன்றை அதற்கு மாட்டினார். துவைத்ததுதான் என்று அம்மாவிடம் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மோட்டார் இரைச்சலும் பதிந்துவிடக் கூடாதென்று ரிக்கார்டரை ஒரு மூலையில் தலையணைமேல் வைத்தார். அந்த வாரம் முழுக்க நாங்கள் வெறும் பாயில் படுத்தோம். ரிக்கார்டரையும் கேசட்டையும் தவிர எல்லாமே வீட்டுச் சாமான்தான் என்று சித்தப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உளிச்சத்தத்துக்கு மட்டும் அவரால் மெத்தை கட்ட முடியவில்லை. ஆனால் அமாவாசையன்று சிற்பிகள் உளியைத் தொடமாட்டார்கள். அந்த அமாவாசைக்கு அவர் லீவு போட்டார்.

பாட்டு என்னவோ ஒரே தடவையில் அழகாக வந்துவிட்டது. பெயர்தான் வரவில்லை. அத்தையின் பெயர் 'க'வில் தொடங்கும். சித்தப்பா விரலை அசைத்ததும் "எம் பேரு" என்பாள், அதோடு 'க' வந்து கதவடைத்துக்கொள்ளும். நாலைந்து முறை அழித்து அழித்துப் பதிந்தார்கள். கடைசியில் சித்தப்பா, "நானே சொல்லிடறேன், இல்லாட்டி கொழந்த சொல்லட்டும். யாருக்குத் தெரியப் போவுது" என்று என்னைக் காட்டினார். அத்தை தலையை ஆட்டி மறுத்தாள். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். பொத்தானை அமுக்க நான் மட்டும் உள்ளே இருந்தேன்.

சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் பதியும், பழையது அழியும். இதைச் சித்தப்பா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அமுக்கினேன். அத்தை ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். 'க' வந்தது. போனது. மறுபடி வந்தது. மெத்தைகளுக்கு நடுவே அனல் தாங்க முடியவில்லை. அவள் மோவாயிலிருந்து வியர்வை சொட்டியது. தோளை அவள் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. ஆனாலும் அசையக்கூடாது என்று தெரியும். பெயர் முழுதாக வந்தது. அப்புறம் ஊர். அப்புறம், தாலாட்டுப் பாடப் போகிறேன் என்பதும், துண்டு துண்டாக. மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு நேராகப் பாட்டுக்குள் போனாள். பாட்டு முதல் தடவையைவிடவும் நன்றாக இருந்தது.

சித்தப்பா அதைப் போட்டுக் கேட்டார். முகம் ஒருமாதிரி ஆயிற்று. முன்பக்கத்தை மட்டும் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டார்.

"இ... இருக்கட்டும்ண்ணா" என்றாள் அத்தை. அன்று சாயங்காலம் தூளியை ஆட்டும்போது அவள் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெயர் என்னம்மா என்று கேட்டதும், அவள் 'க'விலேயே திக்கி நிற்க, அம்மா முந்திக்கொண்டு சொல்வதற்குள், வந்தவர்களில் ஒரு பையன் களுக்கென்று சிரித்ததும் நினைவில் இருந்தது. இப்போது ரேடியோ வைத்திருக்கிற அத்தனை வீட்டிலும் சிரிப்பார்கள். என் வகுப்பில் சிரிப்பார்கள். அத்தையை யாராவது காப்பாற்ற வேண்டும். சித்தப்பாவை விட்டால் பொத்தான் அமுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை அம்மாவும் அத்தையும் ரேஷன் கடைக்குப் போனார்கள். கேசட் இன்னும் ரிக்கார்டரிலேயே இருந்தது. சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் போட்டுக் கேட்டேன். கேசட் ஓடத் தொடங்கியதிலிருந்து பாட்டு தொடங்கும்வரை விரல்விட்டு எண்ணினேன். எழுபது வந்தது. திரும்ப முதலுக்கு ஓட்டி, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன். தமிழ் வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும் குரலில், "வணக்கம், என் பெயர்" என்று அத்தையின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். தாலாட்டுப் பாடப் போகிறேன் என்றேன். எல்லாம் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. மிச்சத்துக்கு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து எண்ணி, அறுபத்தெட்டில் நிறுத்தினேன். பாட்டில் ஓர் எழுத்துகூடச் சேதமாகவில்லை. அவ்வளவு கச்சிதமாக அதற்குப் பிறகு வாழ்க்கையில் நான் எதையும் செய்ததாக நினைவில்லை.

சித்தப்பா மறுபடி போட்டுக் கேட்காமலே கேசட்டை எடுத்துத் தபாலில் அனுப்பினார். ரிக்கார்டர் பாயிடம் திரும்பிப் போனது. மெத்தைகள் தரைக்கு வந்தன.

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது, இன்ன கிழமை சாயங்காலம் ஒலிபரப்பாகும் என்று. அன்று பக்கத்து வீட்டுக்காரர்களும் பாய் வீட்டுப் பெண்களும் எங்கள் கூடத்தில் கூடிவிட்டார்கள். அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. அறிவிப்பாளர் ஏதோ சொல்லி முடித்தார்.

"வணக்கம், என் பெயர்" என்றது என் குரல்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை மட்டும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்த வெறும் இடத்தை ரேடியோக்காரர்கள் வெட்டியிருக்க வேண்டும், உடனே பாட்டு வந்தது. அதுவல்லவா பாட்டு, பாய் வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் சித்தப்பா என் தலையில் செல்லமாகக் குட்டி, பலே ஆளு நீ என்றார். அம்மா, நல்லதாப் போச்சு, வெளியில ஒருத்தருக்கும் தெரியாது என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். வெல்லம் போட்ட அவலை எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு கை அள்ளிக் கிடைத்தது.

வந்தவர்கள் போன பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். வெகுநேரம் சிக்கெடுத்தாள். நான்தான் பொறுக்க முடியாமல், எண்ணி வைத்துக்கொண்டு செய்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"எ... எவ்ளோ வந்துச்சு?"

"எழுவது."

அவள் கை நின்றது.

"அ... அவ்ளோதானா" என்றாள்.

நான் இன்னும் அதிகமாக எண்ணியிருக்க வேண்டும்போல என்று நினைத்தேன். எழுபதுதான், சரியாகத்தான் எண்ணினேன் என்று சாதித்தேன். சரி சரி என்பதுபோலப் பின்னலை முடித்து நுனியில் ரிப்பன் கட்டினாள். திட்டவே இல்லை. அதனால் அவளுக்கும் சந்தோஷம்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் அவளுடைய குரல் என்றே என்னை நினைத்துக்கொண்டேன். ரேஷன் கடையிலோ, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்திலோ அவள் பெயரை யாராவது கேட்டால் நான் துள்ளிக்கொண்டு வாயைத் திறப்பேன். அத்தை சட்டென்று என்னைத் தன் பக்கம் இழுத்து, வளையல் குலுங்க உள்ளங்கையால் என் வாயைப் பொத்திக்கொள்வாள். பொத்தியபடியே நின்று, எத்தனை நேரமானாலும், பின்னால் வரிசை முணுமுணுத்தாலும், தானே சொல்லி முடிப்பாள். அதை எங்கள் இருவருக்கும் நடுவே ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, அவள் விரல்களுக்குள் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.