படகைத் திருடியது யார் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே,

எங்கள் அக்கா மறைந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டியவன் நான்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான். ஆகவே இதில் முன்னுக்குப் பின் ஏதாவது மாறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அக்காவைப் பற்றி எனக்கு இன்றும் பிடிபடாதவை பல உண்டு. பிடிபட்டது போல எழுத மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது கிளியனூருக்கு அருகே, அம்மாவின் ஊரில். வளர்ந்தது மரக்காணத்தில். அப்பா உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். அக்கா பள்ளி இறுதித் தேர்வு எழுதிய கோடையில் அப்பா திடீரென இறந்துபோனார். ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டிய அக்கா, அப்பாவின் முதலாளி வைத்திருந்த உப்பு மண்டியில் பில் போடும் வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி படிப்பு முடியட்டும்" என்றார். என் படிப்பும் முடிந்து, எனக்குக் கல்யாணமும் ஆன பிறகு அம்மா மறுபடி கேட்டார். "இனிமே எதுக்கும்மா? எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்குது" என்றார் அக்கா. எந்த வேலையைச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கதை எழுத வந்ததும் ஒரு விபத்துதான். மண்டியில் சிறு பாக்கெட்டுகளில் உப்பு போடத் தொடங்கியபோது, மேலே அச்சிட ஒரு படம் வரைந்து தரும்படி முதலாளி கேட்டார். கண்ணாடி போட்ட நாரை ஒன்று உப்புக் குவியலை மோந்து பார்த்துத் தும்முவது போல அக்கா வரைந்து கொடுத்தார்.

"ஏம்மா, உப்பு வாங்கறவங்க சமைக்கணுமா, சிரிக்கணுமா?" என்று கேட்டார் முதலாளி.

"சிரிச்சிக்கிட்டே சமைக்கட்டுமேங்க."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கலங்கரை விளக்கம் போதும் என்றுவிட்டார். நாரை வீணாகிவிடுமே என்று அக்கா அதை வைத்து ஒரு கதை எழுதினார். ஒரு மூட்டை உப்பு காணாமல் போகிறது. ஊரே திருடனைத் தேடி அலைகிறது. அது மழையில் கரைந்துபோன விஷயம் நாரைக்கு மட்டும்தான் தெரியும். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் மாத இதழ் அதைப் படத்தோடு வெளியிட்டது. பிறகு அவர்களே அடுத்த கதை கேட்டார்கள். பின்னர் ஒரு பதிப்பகம் புத்தகமாகவே கேட்டது. பகலில் மண்டி, மாலையில் கதை என்று அக்காவின் காலம் ஓடியது. எழுத்தும் அவருடையது, படமும் அவருடையது.

எல்லாப் புத்தகத்திலும் ஏட்டு மண்ணாங்கட்டி வருவார். தப்பான ஆளையே பிடிப்பார். பிடித்தவர் வீட்டிலேயே உட்கார்ந்து டீ குடித்து மன்னிப்புக் கேட்பார். அந்த டீயைக் குடிக்கும்போதுதான் உண்மை தானாக வந்து அவர் மடியில் விழும். லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் என்னை டீக்கடையில், "வாங்க ஏட்டையா" என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று வெகு காலம் எனக்குத் தெரியாது. ஒருநாள் என் மனைவி சொல்லித்தான் உறைத்தது. நேராகப் போய்க் கேட்டேன்.

"அக்கா, அந்த ஏட்டு நான்தானா?"

"அவருக்கு மீசை இருக்குதே. உனக்கு எங்க இருக்குது?" என்று சொல்லிவிட்டு வரையப் போய்விட்டார். ஆமாம் என்றாரா, இல்லை என்றாரா? இன்றுவரை தெரியாது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு முழுவதும் அக்கா ஒரு புதிய கதையில் இருந்தார். மீனவர் குப்பத்தில் ஒரு படகு காணாமல் போகிறது. எடுத்தது யார், ஒளித்தது யார் என்று ஒரே கலாட்டா. பாதிக்கு மேல் முடிந்திருந்தபோதுதான் அந்த டிசம்பர் மாதக் காலையில் கடல் ஊருக்குள் வந்தது.

நாங்கள் உள்ளே தள்ளி இருந்ததால் பிழைத்தோம். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் செல்வியின் மாமியாரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவர்கள் படகும் போய்விட்டது. அக்கா தம் படங்களுக்கு மாதிரியாகப் பார்த்து வரைந்த படகு அதுதான். அக்கா படங்களையெல்லாம் ஒரு பழைய புடவையில் கட்டிப் பரணில் போட்டார். "இனிமே படகைக் காணோம்னு எழுதி யாரைடா சிரிக்க வைக்கறது?" என்றார்.

தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவர்களுக்குத் துணிமணி கொடுக்க அக்காவை நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். செல்வி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, ஊர்ல காணாமப் போன உப்பு, கோழி, குடை எல்லாத்தையும் கண்டுபுடிச்சி எழுதறீங்களே. எங்க படகை எவன் எடுத்தான்னு எழுதுங்க பாப்போம்."

அவருடைய உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை. அக்கா வந்து வண்டியில் ஏறிக்கொண்டார். பாதி வழியில் கேட்டார்:

"டேய், அவ திட்டனாளா, கேட்டாளா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல."

பல வாரம் அக்கா எதையும் தொடவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் பரணிலிருந்து மூட்டையை இறக்கித் தரச் சொன்னார். அதே கொட்டகைக்குப் போய், பெண்கள் நடுவில் உட்கார்ந்து, அதுவரை எழுதியதைப் படிக்கத் தொடங்கினார். அடிக்க வருவார்களோ என்று வண்டியை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். ஏட்டு ஒரு நாயைக் கைது செய்து அதனிடம் வாக்குமூலம் கேட்கும் இடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு செல்வி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அக்கா நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க" என்றார் செல்வி.

அதன் பிறகு எழுத எழுத அங்கேதான் முதலில் படித்தார். "யாரு எடுத்திருப்பாங்க?" என்று அவர்களையே கேட்பார். ஏட்டு எல்லோரையும் டீக்கடையில் கூட்டித் திருடனைச் சொல்ல வேண்டிய கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. ஆவணியில் ஒரு காலை, பிரஷைக் கழுவ எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

கருமாதியன்று கூனிமேட்டிலிருந்து பாய் வந்திருந்தார். அக்காவுக்குக் காகிதமும் வண்ணமும் கொடுத்துவந்த கடைக்காரர். பதிப்பகத்தார் முடிவைக் கேட்கிறார்கள், எங்களுக்குத் தெரியவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"என்கிட்ட சொல்லிட்டாங்க தம்பி. படகை எடுத்தது நான்தான்" என்றார் பாய், பெருமையாக. கதையிலும் ஒரு கடைக்கார பாய், ஒரு மீன்காரப் பெண், ஒரு கிழவி உண்டு.

"பாய் சொல்றதை நம்பாதீங்க. நான்தான் எடுத்தேன். குடிச்சிட்டு வர்ற புருஷனுக்குப் புத்தி வரட்டும்னு ஒளிச்சி வெச்சேனாம். என்கிட்டதான் சொன்னாங்க" என்றார் செல்வி.

உள்ளேயிருந்து அம்மா வந்தார். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. திருடினது நானு. பெத்தவகிட்ட பொய் சொல்லுவாளா?"

கூடத்தில் குபீரென்று சிரிப்பு. "காரிய வீட்ல என்ன சிரிப்பு?" என்று பெரிய மாமா அதட்டினார். எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. ஆளுக்கொரு முடிவு சொன்ன அக்கா என்னிடம் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லையே என்றும் இருந்தது.

வேறொரு எழுத்தாளரை வைத்து முடித்துவிடலாமா என்று பதிப்பகத்தார் கேட்டார்கள். அம்மா மறுத்துவிட்டார். "மூணு பேரும் எடுத்ததாவே இருக்கட்டும்" என்றார். அப்படியே மூவரும் சொன்ன மூன்று முடிவுகளோடு புத்தகம் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கங்களில் மட்டும் படம் இல்லை. அக்காவுக்கே முடிவு தெரியாது, அதனால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பார்த்தார் என்கிறார் செல்வி. தெரிந்தேதான் விளையாடினார் என்கிறார் பாய். நாங்கள் செய்தது சரியா என்று கேட்க அக்கா இல்லை. இம்மலரோடு அந்தப் புத்தகத்தையும் பெற்றுக்கொள்ளும் நீங்களே படித்துப் பாருங்கள்.

அன்று எங்களைப் புதுச்சேரிக்கு விரைந்து அழைத்துச் சென்ற வேன் டிரைவர், காரியங்களில் தோள் கொடுத்த மாமன் மச்சான்கள், மண்டித் தோழர்கள், தம் துயரத்துக்கு நடுவிலும் அம்மாவுக்குத் துணையாக வந்து படுத்துக்கொண்ட குப்பத்துப் பெண்கள், பதிப்பகத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். அவளுக்குன்னு எழுதறப்ப ஒரு இடத்துலயாவது சிரிப்பு வர வேணாமா?" என்றார். வந்ததா, வரவில்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. படித்தவர்களில் யாருக்காவது எங்காவது சிரிப்பு வந்திருந்தால், இன்று இங்கே சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். உள் அறையில்தான் இருக்கிறார்.