கிண்ணத்தில் குறைந்த தண்ணீர்

அது எங்கள் வீட்டில் இருந்தது பத்தொன்பது நாட்கள். வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனது வியாழக்கிழமை. மே மாதம், மழை இன்னும் பிடிக்கவில்லை. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் நான் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன். பம்பாய் திலக் நகரில் எங்கள் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், லிஃப்ட் எத்தனை நாள் ஓடவில்லை, எந்த வருஷம் எந்தக் கிழமையில் முதல் மழை விழுந்தது எல்லாம் என் நோட்டுகளில் இருக்கும். குடியிருப்போர் சொஸைட்டிக் கூட்டத்தில் வாக்குவாதம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோபர்கைரனேயில் இருக்கும் மச்சினன் வீட்டுக்கு ஆவக்காய் ஜாடி கொடுக்கப் போயிருந்தேன். அவனுடைய கட்டடத்துக்குப் பக்கத்து மனையில் புதரையும் மரங்களையும் இயந்திரம் வைத்து வழித்துக்கொண்டிருந்தார்கள். சாய்ந்து கிடந்த ஒரு வேப்பங்கிளையில் அது உட்கார்ந்திருந்தது. பச்சோந்தி. ஒரு சாண் உடம்பு, சுருட்டிய வால், தனித்தனியாகச் சுழலும் இரண்டு கண்கள். படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேரில் அதுதான் முதல் தடவை. வாட்ச்மேன் அதை விஷஜந்து என்று நினைத்துக் கம்போடு வந்தார். நான் குறுக்கே நின்றேன். இதுவரைக்கும் நான் செய்தது சரி.

"பின்னாடி பார்க்ல பெரிய புங்கமரம் இருக்கு அத்திம்பேர். அங்க விட்டுடலாம், அது பாட்டுக்குப் போயிடும்" என்றான் மச்சினன்.

"ரெண்டு நாள் வெச்சுப் பார்த்துட்டு விடறேன்" என்றேன்.

"வெச்சு என்ன பண்ணப் போறேள்?"

"கவனிக்கணும். எழுதணும்."

"எழுதறதுக்காக ஒரு ஜீவனா? சரி, அக்காகிட்ட என் பேரைச் சொல்லாதீங்கோ."

இம்மாதிரிப் பிராணிகளை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அது தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. விலங்குகளைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான். தெரிந்துதான் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் துளைபோட்டு, கிளையோடு அதை உள்ளே வைத்தேன். வாஷியில் வண்டி மாறி ஹார்பர் லைன் ரயிலில் உட்கார்ந்ததும், எதிரே இருந்த அம்மாள் பெட்டிக்குள் ஏதோ உரசும் சத்தம் கேட்டு "க்யா ஹை அங்கிள்?" என்றாள். "செடி" என்று சொன்னேன். நோட்டில் அன்றைய பக்கத்தில் அது பிடித்த இடம், நீளம், நிறம், வண்டி ஏறிய நேரம் எல்லாம் இருக்கிறது. செடி என்று சொன்னது இல்லை.

வீட்டில் என் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பிறகு, "இது என்ன சாப்பிடும்?" என்று கேட்டாள்.

"பூச்சி. உயிரோட இருக்கற பூச்சி."

"கரப்பான் வந்தாலே என்னைக் கூப்பிடறவர் நீங்க. இதுக்குப் பூச்சி பிடிக்கப் போறேளாக்கும்."

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பெட்டிபோல ஒரு கிரில் உண்டு. அதில் அவளுடைய கறிவேப்பிலைத் தொட்டியும் செம்பருத்தித் தொட்டியும் இருந்தன. அந்தக் கிரில்லைச் சுற்றிப் பழைய கொசுவலையைத் தைத்துக் கட்டி, பச்சோந்தியைக் கறிவேப்பிலையில் ஏற்றிவிட்டேன். கீழே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு மைதானத்து ஓரப் புல்லுக்குப் போனேன். அறுபத்திரண்டு வயதில் வெட்டுக்கிளிக்குப் பின்னால் குனிந்து குனிந்து நடப்பது பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று தோன்றவில்லை. ஏழு கிடைத்தன. ஒன்றை வலைக்குள் விட்டேன். பச்சோந்தியின் ஒரு கண் முன்னால் திரும்பியது. பிறகு மற்றதும். காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் அசைந்து ஓர் அடி எடுத்து வைத்தது. நாக்கு வந்ததை நான் பார்க்கவில்லை. வெட்டுக்கிளி இல்லாமல் போனதைத்தான் பார்த்தேன். என் மனைவி கரண்டியோடு பின்னால் நின்றிருந்தாள். "அம்மாடி" என்று மெதுவாகச் சொன்னாள். அன்று அது ஐந்து சாப்பிட்டது. இரண்டு நாளில் விட்டுவிடுகிறேன் என்று சொன்னதை நாங்கள் இரண்டு பேருமே பிறகு பேசவில்லை.

தண்ணீரையும் அளந்தேன். இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் கோடு போட்டிருக்கும். காலையில் நாலு மூடி ஊற்றுவேன். சாயங்காலம் மிச்சத்தை அதே மூடியால் அளப்பேன். தினம் ஏறக்குறைய ஒரு மூடி குறைந்திருக்கும், பதினைந்து மில்லி. "குடித்தது" என்று எழுதுவேன். அது குடித்ததை ஒரு நாளும் நான் கண்ணால் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "கூச்ச சுபாவம். ஆள் இல்லாதபோது குடிக்கிறது."

நாலாம் நாள், புதன்கிழமை. என் மனைவி வழக்கம்போலச் செடிகளுக்குக் கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, இங்க வந்து பாருங்கோளேன். ஜலம் தெளிச்சா வாயைத் தொறக்கறது. இலையை நக்கறது."

வந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது. "அது பயம். மிரண்டா வாயைத் திறந்து காட்டும். புஸ்தகத்துல இருக்கு" என்றேன்.

"பயந்தா ஓடாதோ? இது கிட்டன்னா வரது?"

"மேல ஜலம் பட்டா அதுக்கு ஆகாது. இனிமே தெளிக்காதே. செடிக்கு நானே வேர்ல ஊத்தறேன். குடிக்கறதுக்குக் கிண்ணம் இருக்கு. தினம் பதினைஞ்சு மில்லி குடிக்கறது, எழுதி வெச்சிருக்கேன்."

"எழுதி வெச்சிருக்கேளோன்னோ, அப்பச் சரி" என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் குரலில் இருந்த கிண்டல் எனக்குக் கேட்டது. கேட்டும் நான் நோட்டை எடுத்து எழுதினேன்: "வீட்டில் தண்ணீர் தெளித்தார்கள். தடுத்தேன்."

பதினோராம் நாள் கோடைமழை ஒன்று வந்தது. கால் மணி நேரம் பெய்த மழை. முன்யோசனைக்காரன் ஆகையால் அதற்கு முந்தின நாளே கிரில்லின் மேல் நீல பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கட்டியிருந்தேன். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அதுவும் எழுதியிருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவே.

அதற்குப் பிறகு வெட்டுக்கிளிகளின் எண்ணிக்கை குறைந்தது. நாலு, இரண்டு, ஒன்று. "பசி குறைவு, கோடை" என்று எழுதினேன். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. "தூங்குகிறது" என்று எழுதினேன். கண்கள் இரண்டும் கூம்பாக நிற்க வேண்டியவை, உள்ளே இறங்கியிருந்தன. தோல் விலாவில் மடிந்து தொங்கியது. பதினேழாம் நாள் கண் திறக்கவே இல்லை.

"யார்கிட்டயாவது காட்டணும்" என்றாள் என் மனைவி.

"யார்கிட்ட காட்டறது? எங்கேர்ந்து வந்ததுன்னு கேப்பா. ஃபாரஸ்ட்காரா வந்தா சொஸைட்டி முழுக்கத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன?"

கூட்டத்தில் எல்லோருக்கும் விதிகளை எடுத்துச் சொல்கிறவன் வீட்டு வாசலில் சீருடைக்காரர்கள் வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் அப்படியே போயிற்று. அந்த இரண்டு நாட்களைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் எனக்குச் சாதகமாகச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலை அவளே தம்பியிடம் கேட்டு, அடிபட்ட பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தின் விலாசம் வாங்கி, ரிக்‌ஷாவையும் கூப்பிட்டுவிட்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டவளும் அவள்தான்.

அங்கே இருந்த டாக்டர் முப்பது வயதுப் பெண். பச்சோந்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கப் மிலா?" எப்போது கிடைத்தது என்று கேட்டாள்.

"கல்" என்றேன். நேற்று. எங்கள் ஜன்னலில் இருந்தது என்று சேர்த்துக்கொண்டேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடுமாறாமல் வந்தது.

"பானி பியா?" தண்ணீர் குடித்ததா என்று கேட்டாள்.

"ஹாங். பந்த்ரா எம்.எல்." பதினைந்து மில்லி என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் கண்களைத் தொட்டுப் பார்த்தாள், விலாவை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தாள். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. பிறகு ஹிந்தியில் நிதானமாக எடுத்துச் சொன்னாள். அவ்வளவு தண்ணீர் குடித்தும் உடம்பு இப்படிக் காய்ந்து கிடக்கிறதென்றால் சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம். வெளியிலேயே ரொம்ப நாளாக நோயில் இருந்திருக்க வேண்டும். இனி அதை ஊசி குத்தித் துன்பப்படுத்துவதில் பிரயோஜனமில்லை. வலியில்லாமல் போக விடுவதுதான் நல்லது.

நான் நின்றேன். அது சாகப் போகிறது என்பது புரிந்தது. என் வாயிலிருந்து வந்த ஒரு தேதியும் ஓர் அளவும் அதைத் தீர்மானிக்கின்றன என்பதும் புரிந்தது. அப்படியும் வாய் திறக்கவில்லை.

"ஏன்னா, நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?" என்றாள் என் மனைவி.

நான் தரையைப் பார்த்தேன்.

"நஹீ டாக்டர். உன்னீஸ் தின் ஹோ கயா" என்றாள் அவள். பத்தொன்பது நாள். தன்னுடைய பம்பாய் ஹிந்தியில் மீதியையும் சொன்னாள். கிண்ணத்தில் அது குடித்ததை யாரும் பார்த்ததில்லை. இலையில் தெளித்தால் நக்கிக் குடித்தது. நாலாம் நாளிலிருந்து நாங்கள் தெளிப்பதை நிறுத்திவிட்டோம். 'நாங்கள்' என்றுதான் சொன்னாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "யே கடோரி ஸே நஹீ பீத்தா ஆன்ட்டி" என்று அவளிடமே சொன்னாள். கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர் இதற்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் நிற்கும் துளியைத்தான் குடிக்கும். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அப்படியானால் கிண்ணத்தில் குறைந்த தண்ணீர்?" என்று கேட்டேன்.

"தூப் மே சூக் கயா, அங்கிள்." வெயிலில் வற்றிப் போயிருக்கிறது.

மே மாத வெயிலும் கிரில்லில் அடிக்கும் காற்றும் குடித்ததைத்தான் நான் பத்தொன்பது நாள் மருந்து மூடியால் அளந்திருக்கிறேன்.

அவள் சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் எடுத்து அதன் மூக்கு நுனியில் ஒரு துளி விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது துளி வழிந்து போயிற்று. ஐந்தாவதோ ஆறாவதோ, வாய் மெதுவாகத் திறந்தது. தொண்டை அசைந்தது. பிறகு அது குடித்துக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறக்காமலே குடித்தது. என் மனைவி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நாலாம் நாள் ஜன்னலில் நான் பார்த்த அதே வாய்தான். பயம் என்று சொன்னேனே, அந்த வாய்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்ற கட்டங்களில் கோபர்கைரனே என்றும், அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிழைத்தால் வனத்துறை மூலமாகக் காட்டில் விடுவோம் என்றார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது சுனாபட்டிப் பக்கம் ரிக்‌ஷா நெரிசலில் நின்றது. நீ சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "டிராஃபிக் ஜாஸ்தி" என்றுதான் வந்தது. "ஆமாம்" என்றாள். சற்றுக் கழித்து, "தோசை மாவு இருக்கு. ராத்திரிக்கு அது போறுமோன்னோ?" என்று கேட்டாள். போதும் என்றேன். மடியில் காலிப் பெட்டியை அவள் இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை அவள் அங்கே போன் செய்து கேட்டாள். அவள் பேசும்போது நான் பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். ஐந்தாவது வாரம், மழை பிடித்த பிறகு, பேசி முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"பிழைச்சுடுத்து. ஆனா வலது கண்ணு போயிடுத்தாம்."

நான் பேப்பரை மடித்தேன்.

"ரெண்டு கண்ணும் இருந்தாத்தான் பூச்சி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரியுமாம். ஒத்தைக் கண்ணால நாக்கை விட்டா தப்பிப் போயிடறது. அதனால காட்டுல விட முடியாதாம். இருக்கற வரைக்கும் அங்கேயே, கூண்டுலதான். போய்ப் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றா. ஞாயித்துக்கிழமை வரேளா?"

"முழங்கால் வலிக்கறது. நீ போயிட்டு வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் ஆறேகாலுக்குத் திரும்பி வந்து, நனைந்த குடையை விரித்து வைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னாள்: "இடுக்கியால வாய்க்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறா. குடுத்தா சாப்பிடறது."

அன்று எனக்கு முழங்கால் வலிக்கவில்லை.