டாக்டரம்மா மாட்டிய கீழ்ச்செட்டு

செய்தி வந்தபோது நான் காசிமேடு மீன் துறைமுகத்தில் வஞ்சிரத்துக்கு ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். மீன் வாங்க வந்த செல்வி காதிலிருந்து போனை எடுத்துவிட்டு, "யக்கா, ராயபுரம் பல்லு டாக்டரம்மா தவறிப் பூட்டாங்களாம்" என்றாள். கூறிய விலை அப்படியே நின்றது. "இன்னிக்கு வேற யாராச்சும் கூறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மீன் நாற்றத்தோடு ஆட்டோ ஏறினேன்.

டாக்டர் சகுந்தலாவை இங்கே கூடியிருக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும். நம் பக்கத்தில் பாதிப் பேர் வாயில் அவர் கை பட்டிருக்கும். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். எனக்கு இரண்டும் கிடைத்தது.

வெற்றிலை, புகையிலை, சர்க்கரை மூன்றும் சேர்ந்து என் வாயில் ஒரு பல்லைக்கூட மிச்சம் வைக்கவில்லை. எங்கோ போய் செட்டுப் பல் கட்டிக்கொண்டேன். மேல்செட் சமாளித்தது. கீழ்ச்செட்டோ வாயைத் திறந்தாலே மிதக்கும். ஏலம் கூறுகிறவளுக்கு வாய்தானே எல்லாம்? ஒருநாள் நான் கத்திய கத்தலில் அது பறந்துபோய்ச் சங்கரா மீன் குவியலில் விழுந்தது. குனிந்து தேடுவதற்குள் மீனைக் கூடையில் அள்ளிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் என் பல்லைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? மறுநாள் அந்தக் கூடையை வாங்கிய பெண் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். "இந்தா யக்கா. டோல்கேட்டாண்ட கூடைய எறக்குனா மீனு சிரிச்சிகினு கீது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஏலத்தில் என் குரல் எழும்பவில்லை.

அடுத்த வருடம் என் வீட்டுக்காரர் இறந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் வாய்விட்டு அழ முடியவில்லை. பல் விழுந்துவிடுமே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். "கல்லாட்டம் குந்திகினு கீறா பாரு" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கழற்றி வைத்துவிட்டு அழுதிருக்கலாமே என்பீர்கள். அந்தப் பொக்கை வாயை நான் அவருக்கே காட்டியதில்லை.

மாதா கோயிலில் பூசையெல்லாம் முடிந்தபின் டாக்டரம்மாவிடம் போனேன். ஸ்கேன் எடுத்து, திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க ஸ்டெல்லா, பல்லு போனதும் தாடை எலும்பும் தேய்ஞ்சு போச்சு. செட்டு உக்கார மேடே இல்ல. புதுசு எத்தனை செஞ்சாலும் ஆடத்தான் செய்யும்."

மோவாய்க்கு நேரே மட்டும் கொஞ்சம் எலும்பு மிச்சமிருந்தது. அங்கே இரண்டு டைட்டானியம் திருகாணிகளைப் பதித்து, எலும்பு அவற்றைப் பற்றிக்கொண்டபின், கீழ்ச்செட்டை அவற்றின்மேல் பிரஸ் பட்டன் மாதிரி மாட்டலாம் என்றார். இம்ப்ளாண்ட் என்று பெயர். "ஆனா மொதல்ல புகையிலைய விடணும், சர்க்கரை எறங்கணும். இல்லன்னா உங்க வாயில கை வைக்க மாட்டேன்." சொன்னபடியே, இரண்டும் நடக்கும்வரை என்னை விரட்டினார். திருகாணி போட்டபிறகும் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார். "இன்னும் இன்னாத்துக்கு லேட்டு?" என்று சண்டைக்குப் போனால், "எலும்புகிட்ட ஏலம் பேச முடியாதும்மா" என்பார்.

பல்லை மாட்டினால் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லிப் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இந்த அம்மாள் ஒரு விடியற்காலையில் காசிமேட்டுக்கே வந்துவிட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் தண்ணீரில் நின்று, ஏலம் கூறுகிறவர்களின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தார். பிறகு கிளினிக்கில் புதுச் செட்டை மாட்டியதும் ஒரு தட்டில் பஞ்சு உருண்டைகளைப் பரப்பி, "இத ஏலம் போடுங்க" என்றார். வெட்கத்தோடு தொடங்கினேன். "காசிமேட்டுல இப்படித்தான் முனகுவாங்களா?" என்று அதட்டினார். ரோஷம் வந்து கத்தினேன் பாருங்கள், வெளியே காத்திருந்த பெரியவர் ஒருவர் கதவைத் திறந்து தலையை நீட்டி விலையை ஏற்றிவிட்டார்! பல் அசையவில்லை. டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. "ஏலம் சரி டாக்டரம்மா. சாவு வூட்ல அழுதா பல்லு நிக்குமா?"

என் வீட்டுக்காரர் கதையை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "என் சாவுக்கு வந்து அழுது பாத்துச் சொல்லுங்க. நின்னா என் வேலை சரின்னு அர்த்தம்."

"வாயக் கழுவுங்க மொதல்ல!" என்று அவரையே திட்டினேன்.

செய்தி வந்த அன்று அவர் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையைத் தொடவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி அழுதேன். அவருக்காகத் தொடங்கிய அழுகை, பாதியில் என் வீட்டுக்காரருக்காகவும் ஆனது. இத்தனை வருடமாக உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்; குடித்துவிட்டு மறுபடியும் அழுதேன்.

ஏலத்தில் என் இடத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர். நன்றி என்று எத்தனை தரம் சொன்னாலும் தீராது. ஆனால் அவர் கொடுத்ததில் நான் உயிருள்ளவரை வைத்துக்கொள்ளப்போவது அந்த அழுகையைத்தான்.

எழுந்திருக்கும்போது பெட்டியின்மேல் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "நின்னுச்சு டாக்டரம்மா."