தணல் சுடாத கால்

கவிதா, நிரோஷா, என் பிள்ளைகளே,

இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். நம்மைப் போல சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள வேறு வீடுகளில் யாராவது வாசித்தாலும் நல்லதே. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் கவிதா திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

முதலில் செருப்பு. ஒருநாள் காலை மஹய்யாவையில் நம் வீட்டுப் படிகளில் இறங்கி, பஸ் நிற்கும் இடம் வரை போய்விட்டேன். அங்கே செல்வராஜ் மாமா நின்றுகொண்டிருந்தார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எங்களுக்கு அடுத்த காம்பராவில் வளர்ந்தவர் அவர், உங்களுக்குத் தெரியும்.

"என்னண்ணே, புது ஸ்டைலா? ஒரு கால்ல செருப்பு, இன்னொரு கால் சும்மா வருது."

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால் நம் படியிலேயே கிடந்தது. அவ்வளவு தூரம் கல்லிலும் தாரிலும் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். அன்று மாலை வீட்டில் சொன்னபோது நாம் நால்வரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்போது எனக்குச் சீனி வருத்தம் வந்து ஆறு வருடம். கிளினிக் கொப்பி (நோயாளிக் குறிப்பேடு) இருந்தது, மாத்திரை இருந்தது. ஹார்ட்வெயார் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவனுக்குக் கால் மரத்துப் போவது சகஜம் என்று நினைத்தேன்.

அந்த மாதத்தில்தான் கனவு வந்தது. விடியும் நேரம். தோட்டத்து மாரியம்மன் கோயில் படியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் செம்போடு வந்து என் கால் இரண்டிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறாள். முகம் தெரியவில்லை. ஆனால் யார் என்று தெரியும். கனவில் அப்படித்தான் தெரியும்.

"அம்மா, தண்ணி படலையே" என்கிறேன். அவள் மறுபடியும் ஊற்றுகிறாள். தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. குளிர்ச்சி இல்லை, ஈரம் இல்லை. விழித்துவிட்டேன்.

இந்தக் கனவை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். கடையில், கோயிலில், பஸ்ஸில்கூடச் சொன்னேன். பூசாரி கண் கலங்கினார். "ஆத்தா ஒங் கால கழுவி விட்டுருக்கா தம்பி. இந்த வருசம் நீ தீ மிதிக்கணும்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் சொல்லும்போதெல்லாம் ஒரு வரியை விட்டுவிட்டேன். தண்ணீர் படவில்லை என்று நான் சொன்ன வரியை. அது கனவின் அழகைக் கெடுப்பது போல இருந்தது.

காப்புக் கட்டி விரதம் இருந்தேன். விரத நாட்களில் மருந்து வேண்டாம் என்று நானாகவே முடிவு செய்தேன். அம்மன் சொல்லவில்லை, பூசாரி சொல்லவில்லை. உங்கள் அம்மா காலையில் மாத்திரையை எடுத்துத் தருவாள். வாயில் போடுவது போலப் போட்டு, பிறகு சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். இதை நீங்கள் யாரும் அறியவில்லை.

திருவிழா அன்று மாலை தணல் சிவந்து கிடந்தது. எனக்கு முன்னால் போன செல்வராஜ் ஓடினார். நான் நடந்தேன். நிதானமாக, பூக்கடைக்குப் போகிறவன் போல நடந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பிள்ளைகளே. ஒன்றுமே தெரியவில்லை. சூடு முகத்தில் அடித்தது, பாதத்தில் இல்லை.

"நான் துள்ளுன துள்ளல பாத்தீங்கதானே? கோழி மாதிரி! நீங்க என்னண்ணே, ராஜா மாதிரி வந்தீங்க" என்றார் செல்வராஜ். பெண்கள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் கட்டில் விரிப்பில் நீர் படிந்திருந்ததைக் கண்டது நீதான், நிரோஷா. "அப்பா, நாறுது" என்றாய். வலது பாதத்தின் அடியில் தோல் கழன்று, சுண்டுவிரல் கறுத்திருந்தது. அப்போதும் வலி இல்லை. அம்மன் வலியைத் தராமல் வைத்திருக்கிறாள் என்றுதான் அப்போதும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். உங்களைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார்.

"நோகேல்லையோ ஐயா?"

"இல்லைங்க. தீ மிதிச்சப்பவே நோகல."

அவர் மேசையிலிருந்து ஒரு மெல்லிய நைலான் நூலை எடுத்தார். "கண்ணை மூடுங்கோ. நான் காலிலை தொடேக்க ஓம் எண்டு சொல்லுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரம் தொடங்காமல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

"சரி, கண்ணைத் திறவுங்கோ. முடிஞ்சுது."

"தொடவே இல்லையே டொக்டர்?"

"பத்து இடத்திலை தொட்டனான். நீங்கள் ஒருக்காலும் ஓம் சொல்லேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஐயா, நெருப்பு எல்லாரையும் போல உங்களையும் சுட்டது. சுட்டது உங்களுக்குத் தெரியேல்லை."

நியூரோபதி (நெடுநாள் சீனியால் நரம்புகள் உணர்வை இழப்பது) என்று எழுதினார். புண்ணில் கிருமி ஏறிவிட்டது. ஊசி மருந்துக்கு மூன்று நாள் தவணை. அடங்கினால் விரல்களோடு போகும், மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் பெரிய டொக்டர். மாத்திரை ஒழுங்காகப் போட்டேனா என்று கேட்டார்கள். போட்டேன் என்று சொன்னேன். உங்கள் அம்மா பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் தோட்டத்திலிருந்து என் அக்கா வந்தாள், உங்கள் மாமி. செல்வராஜும் வந்தார். அக்கா என் காலைப் பார்த்து அழுதாள். அழுது முடித்துவிட்டு உங்கள் அம்மாவிடம் திரும்பினாள்.

"வெரதம் கலையாம ஆத்தா இப்படி செய்வாளா? வயசுக்கு வந்த ரெண்டு புள்ளைங்க இருக்கிற வீடு. எவ தீட்டோட சோறு பொங்குனாளோ."

கவிதா, நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் நான் தணலில் நடந்தது அம்மனால் அல்ல என்று ஆகிவிடும். கால் போனாலும் அந்தப் பெயர் போகக் கூடாது என்று இருந்திருக்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த விடியற்காலையில் இரண்டாவது கனவு. கிளினிக் வாங்கு (பெஞ்சு). நீண்ட வரிசை. நானும் நம்பர் துண்டோடு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அதே மஞ்சள் சேலை. மடியில் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு, எல்லாரையும் போல ஒருத்தியாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பதறுகிறது. "அம்மா, நீங்க முன்னுக்குப் போங்க" என்கிறேன்.

"எனக்கு என்ன அவசரம்? ஒன்னோட நம்பர கூப்புட்டு எவ்வளவு நேரம். எந்திரிச்சிப் போ" என்கிறாள், கொஞ்சம் எரிச்சலாக.

விழித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆசீர்வாதம் இல்லை, திருநீறு இல்லை, வரிசையில் உட்காரவைத்துத் திட்டும் வாங்கியாயிற்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கோபத்தையே திரும்பிப் பார்த்தேன். ஏன் கோபம்? வாங்கில் இருந்த எல்லாரையும்விட என்னைத் தனியாக அவள் கவனிக்கவில்லை என்று. முதல் கனவில் நான் எடுத்துக்கொண்டதும் அதைத்தானே. கால் கழுவப்பட்டவன் என்ற பெருமையை எடுத்தேன், தண்ணீர் படவில்லை என்ற சேதியை விட்டேன்.

கனவில் வந்தது கடவுளா, என் உடம்பா என்று நீங்கள் கேட்கலாம். கவிதா உயிரியல் படிக்கிறவள், கேட்பாள். எனக்குத் தெரியாது. எனக்கு முன்னமே, தன் உணர்வு போனதை என் கால் அறிந்திருந்தது. அந்த அறிவை எனக்குத் தெரிந்த முகத்தில் அனுப்பியது யாராக இருந்தாலும் நான் கும்பிடுகிறேன்.

அன்று பார்வையாளர் நேரத்துக்காகக் காத்திருந்தேன். அக்கா வந்ததும் சொன்னேன்.

"அக்கா, வீட்ல யாரும் எதையும் கலைக்கல. விரதம் பூரா நான் மருந்து போடல. போட்டேன்னு பொய் சொன்னேன். கால் ஏற்கனவே செத்துப்போயிருக்கு, அதுதான் சுடல. எம் புள்ளைய நீ பேசுனது தப்பு. பேச விட்டது அதவிட தப்பு."

உங்கள் அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு தேத்தண்ணி வாங்கப் போனாள். வெகுநேரம் வரவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வராஜ்தான் பேசினார்.

"அப்ப எனக்கு சுட்டது நல்லதுதானேண்ணே? நான் ரெண்டு நாளா எனக்கு பக்தி பத்தலைன்னு பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிகிட்டிருக்கேன்."

கவிதா, நீ அழுதுகொண்டே சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்குப் பயம் குறைந்தது. டொக்டரிடமும் உண்மையைச் சொன்னேன். "முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். மருந்தின் அளவை மாற்றினார்கள்.

தவணை முடிந்தபோது புண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு மேலே ஏறியிருக்கவில்லை. சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். கால் மிஞ்சியது.

புண் ஆற நான்கு மாதம். தோல் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளரும் என்று கட்டுப் போடும் நர்ஸ் மிஸ் சொன்னார். அப்படித்தான் வளர்ந்தது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். முன்பெல்லாம் எனக்கு நாள் என்றால் கடை திறப்பதும் சாத்துவதும். இப்போது என் நாள் பாதத்தில் தொடங்குகிறது. கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கிறேன். உணர்வு திரும்பவில்லை, இனித் திரும்பாது என்கிறார்கள். அதனால் கண்ணால் உணரப் பழகிவிட்டேன். ஐம்பது வயது வரை ஒருநாளும் பார்க்காத என் பாதத்தின் ரேகை இப்போது எனக்கு மனப்பாடம்.

சாமிக் கனவு இன்னும் வருகிறது. யாரிடமும் ஓடிப்போய்ச் சொல்வதில்லை. அந்தக் கனவில் நான் எவ்வளவு பெரிய ஆளாக வருகிறேன் என்று முதலில் பார்க்கிறேன். பெரிய ஆளாக வந்தால் அதை அப்படியே விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடிக்காத ஒரு வரி அதில் இருந்தால், அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நீங்களும் கனவு காண்பீர்கள். பிடிக்காத வரியை விட்டுவிடாதீர்கள்.

இந்த வருடத் திருவிழா அன்று காலை எங்கே போனீர்கள் அப்பா என்று கேட்டீர்கள். ஒரு வேலை என்று சொன்னேன். ஹந்தானைக்குப் போனேன். கரகம் வரும் பாதையில் இன்னும் ஒருவரும் இல்லை. பனி விலகவில்லை. மாலையில் அந்த வழியே எல்லாரும் வெறுங்காலோடு வருவார்கள். நான் ஆஸ்பத்திரியில் தந்த சப்பாத்தோடு (ஷூ), ஒரு சொப்பிங் பையை வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து நடந்தேன். உடைந்த போத்தல் ஓடு, துருப்பிடித்த ஆணி, கம்பித் துண்டு, சோடா மூடி. கோயில் வாசல் வரை போய், பொறுக்கியது போதாது என்று தோன்றியதால், திரும்பவும் கீழேயிருந்து தொடங்கினேன்.