சிமெண்ட் டீச்சர்

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சிமெண்ட் டீச்சர். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தாலும் அவள் முகத்தில் ஒரு கோடு அசையாது. ஆசிரியர் ஓய்வறையில் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அதற்கு மேல் யோசிக்க அந்த அறையில் யாருக்கும் சரக்கு இல்லை.

பகலில் அவளுக்கு வந்த தூக்கம் நம் தூக்கம் போன்றதல்ல. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வரும். சமக்குறி வரை எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு எறும்பு ஊர்ந்த கோடு. விழித்துப் பார்த்து அவசரமாக அழிப்பாள். இரவு முழுக்கத் தூங்கினாலும் மறுநாள் இதே கதிதான்.

இன்னொன்றும் இருந்தது. கல்லூரி விடுதியில் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தபோது தாடை தொங்கியது, முழங்கால் மடங்கியது, கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டோடு தரையில் விழுந்தாள். நினைவு தப்பவில்லை. எல்லாம் காதில் விழுந்தது. "நல்லா நடிக்கிறாடி" என்றாள் அறைத்தோழி. அன்றிலிருந்து சிரிப்பைப் பூட்டிவைத்தாள். யாராவது நகைச்சுவை சொல்ல ஆரம்பித்தால் மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வாள். அப்படித்தான் சிமெண்ட் ஆனாள்.

கணவன் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவன். அந்தத் தகுதியில் அவளுக்கு வைத்தியமும் பார்த்தான். ஐஸ் தண்ணீரில் முகம் கழுவச் சொன்னான், சோற்றைக் குறைக்கச் சொன்னான். ஒன்றும் பலிக்காதபோது கோபம் வந்தது.

"வீட்டுக்கு வந்தா தூங்குற, முழிச்சிருந்தா உம்முனு இருக்க. நான் என்ன பொணத்தோடயா குடும்பம் நடத்துறேன்?"

நாத்தனார் அவனையும் மிஞ்சினாள். தபால் வழியில் ஒரு வருடம் மனோதத்துவம் படித்துவிட்டு, தேர்வு எழுதாமலே விட்டவள். "அண்ணி, உங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல. வாழ்க்கைல பிடிப்பு இல்ல. தூங்கித் தப்பிக்கிறீங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். கொடுமை என்னவென்றால், அதை இவள் நம்பினாள். தான் சோம்பேறி, ஏமாற்றுக்காரி, எதற்கும் லாயக்கில்லாதவள் என்று கண்ணாடி முன் நின்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வரும்.

ஒருநாள் வகுப்பில் விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தாள். 'எக்ஸைக் கண்டுபிடி' என்ற கேள்விக்கு ஒரு பெண், 'சத்தியமா நான் எடுக்கலை டீச்சர்' என்று எழுதியிருந்தாள். வாய்ப்பாடு கைகொடுக்கவில்லை. சிரிப்பு பொங்கி வந்தது. அப்படியே மேஜையோரம் சரிந்தாள். பிள்ளைகள் அலறினார்கள். தலைமையாசிரியர் ஓடிவந்து குனிந்து பார்த்தார்; தொட்டுத் தூக்க மட்டும் மனம் வரவில்லை.

"குடிச்சிருக்காங்களா? வாசனை வருதானு பாருங்க."

"நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் சார். அதான் நாடகம்" என்றார் தமிழாசிரியர். தரையில் கிடந்தபடி இரண்டையும் கேட்டாள்.

உடம்பு சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொண்டுவராமல் வகுப்புக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்றார் தலைமையாசிரியர். அதற்காகத்தான் நரம்பு மருத்துவரிடம் போனாள். பகல் தூக்கத்தையும் வகுப்பில் விழுந்ததையும் கேட்டுக்கொண்ட அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"சிரிச்சா கால் துவளுதா?"

இவள் தலையை ஆட்டினாள்.

"இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன் டாக்டர். எல்லாருமே பதிலும் சொல்லிட்டாங்க."

தலையில் ஒயர்களை ஒட்டி இரவில் தூங்கவைத்தார்கள். மறுநாள் பகலிலும் விட்டு விட்டுத் தூங்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் படுத்ததும் தூங்கிப்போனாள். நார்கோலெப்சி என்றார் மருத்துவர். மூளையில் விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் சரக்கு தீர்ந்துபோகிற நோய். சிரித்தால் விழுவதும் அதன் பகுதிதான். காலையில் மாத்திரை, மதியம் ஒரு குட்டித் தூக்கம். முழுசாகக் குணமாகாது, ஆனால் சமாளிக்கலாம்; பாடம் எடுக்கலாம் என்று சான்றிதழும் எழுதிக்கொடுத்தார்.

தலைமையாசிரியர் விளையாட்டுச் சாமான் அறையில் பாய் விரித்துக்கொள்ள அனுமதி கொடுத்தார், ராஜ்ஜியத்தையே எழுதிக்கொடுக்கிற தோரணையில். தமிழாசிரியர், "நமக்கெல்லாம் இந்த வியாதி வரமாட்டேங்குதே" என்றார். மறுபடி வகுப்புக்குப் போனவள் பிள்ளைகளிடம் நேரடியாகச் சொன்னாள்: "நான் தூங்கினா எழுப்புங்க. விழுந்தா பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல எழுந்துடுவேன்." அவர்கள் சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு நாளைக்கு டெஸ்ட் உண்டா என்று கேட்டார்கள்.

மாத்திரை தூக்கத்தைக் குறைத்தது. வெட்கம் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகப் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று கணவன் முனகினான், அவளுக்கே தெரியாததை மறைத்துவிட்டாள் என்பது போல. அடுத்து நாத்தனார் வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன், அண்ணிக்கு மூளைலதான் கோளாறுன்னு" என்றாள்.

"ஆமா, எனக்கு மூளைல கோளாறு" என்றாள் இவள், குழம்பை ஊற்றியபடி. "அதுக்கு மாத்திரை இருக்கு."

நாத்தனாருக்குப் புரிய ஒரு கவளம் ஆயிற்று. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். தங்கையை அவமானப்படுத்திவிட்டாள் என்று கணவன் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. இவள் விடுமுறை நாள் மதியங்களில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.